கழுத்துக்கு வந்த மோதிரம்

"சோப்பு டப்பாவுல இது என்ன?" என்று கணவன் கேட்டபோது டாக்டரின் வாய் நிறையப் பற்பசை நுரை. நல்லதாகப் போயிற்று. யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைத்தது.

அவன் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தது அவளுடைய கல்யாண மோதிரம். ஒரே மாதிரி இரண்டு செய்து, உள்பக்கம் கல்யாணத் தேதியைப் பொறித்து, ஆளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டது. விரலில் மின்ன வேண்டிய அது, பாதி கரைந்த சோப்புக்கட்டிக்குள் புதைந்து, தோண்டி எடுத்த பழங்கால நாணயம் மாதிரி இருந்தது.

டாக்டர் நுரையைத் துப்பினாள். "அது... பத்திரமா இருக்கட்டுமேன்னு..."

"சோப்பு தீர்ந்ததும் டப்பாவைக் கழுவி ஊத்துவியே. அப்பவும் பத்திரமா இருக்குமா?"

அவள் ஆடு மாடுகளுக்கும் நாய் பூனைகளுக்கும் டாக்டர். நாள் முழுக்கக் கையுறை. மோதிரம் போட்டால் கையுறை கிழியும். கிழியாவிட்டால் மோதிரத்துக்கு அடியில் கிருமி குடியிருக்கும். அதனால் காலையில் கழற்றி வைப்பாள், சாயங்காலம் போட்டுக்கொள்வாள். அதாவது போட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைப்பாள்.

கணவன் மோதிரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதைக் கழுவித் துடைத்து அவள் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், கணக்கு நேராகியிருக்கும். இப்படி அமைதியாகப் போகிறவனை வைத்துக்கொண்டு மனுஷி என்ன செய்வது?

தவறு தன் பக்கம்தான் என்று முடிவு செய்ய டாக்டருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அவளுக்கு அதில் நல்ல பழக்கம் உண்டு. அவளிடம் இருக்கும் காதணிகளில் ஒன்றுக்கும் ஜோடி கிடையாது. படிக்கிற காலத்தில் ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்தபோது கழன்றுபோன கைக்கடிகாரம் இன்றுவரை கிடைக்கவில்லை; அந்தக் கன்று மட்டும் நேரம் தவறாமல் பால் குடித்ததாகக் கேள்வி. கல்யாணத்தன்று மோதிரம் போட்டுவிடும்போதே, "இதையாவது தொலைக்காம வச்சுக்கோ, தாயே" என்று அவன் காதில் சொன்னான். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள்.

இப்போது அவன் சிரிப்பதே இல்லை. கொஞ்ச நாளாகவே ஆள் சரியில்லை. பால்கனியில் தனியாக நின்று தெருவைப் பார்க்கிறான். பாதிப் பேச்சில் எங்கோ போய்விடுகிறான். பாலம் கட்டுகிற இன்ஜினியர் அவன்; எத்தனையோ டன் கான்க்ரீட்டைத் தாங்குகிறவன், ஏதோ ஒன்றைத் தாங்க முடியாமல் தவிப்பது தெரிந்தது. அந்த ஏதோ ஒன்று எதுவென்று இதுவரை புரியவில்லை. இப்போது புரிந்துவிட்டது.

'மோதிரத்தைக் கழட்டி சோப்பு டப்பாவுல போட்டவ, என்னையும் எங்கேயாவது கழட்டிப் போட்டிருப்பாளோன்னு நினைக்கிறார்.'

வெள்ளிக்கிழமை அவர்களுடைய கல்யாண நாள். போன வருஷம் அதை மறந்து, ஒரு நாய்க்குட்டியின் முறிந்த காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். இந்த வருஷமும் இப்படியென்றால் மிச்சம் மீதி நம்பிக்கையும் போய்விடும்.

சாயங்காலம் அவனே பேச்சை எடுத்தான்.

"விரல்ல போட முடியலைன்னா கழுத்துல போடேன்."

"கழுத்துலயா?"

"ஒரு கயித்துல கோத்துப் போட்டுக்கோ. நானும் அப்படித்தான் போட்டுக்கப் போறேன். சைட்ல கம்பியில மாட்டினா விரலோட போயிடும்னு என்னோடதையும் கழட்டிட்டேன்."

அவள் திடுக்கிட்டு அவன் கையைப் பார்த்தாள். விரல் வெறுமையாக இருந்தது. "எப்ப கழட்டினீங்க?"

"ஆச்சு கொஞ்ச நாள். நீ கவனிக்கலை."

சுருக்கென்றது. கட்டின கணவனின் விரலில் மோதிரம் இல்லாததைக் கவனிக்காதவள், ஒரு பூனை எந்தக் காலை லேசாகத் தாங்கி நடக்கிறது என்று வாசலில் வரும்போதே சொல்லிவிடுவாள்.

மறுநாளே அவன் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. சட்டைக் காலருக்கு மேலே கொஞ்சம் தெரிந்தது, மற்றதெல்லாம் உள்ளே.

"காட்டுங்களேன், எப்படி முடிச்சுப் போட்டிருக்கீங்க?"

"வேணாம்." பொத்தானை மேலே ஒன்று கூடப் போட்டுக்கொண்டான். "நெஞ்சோட இருக்கறதை வெளிய எடுத்துக் காட்டக் கூடாது."

டாக்டருக்குக் கண் கலங்கியது. இப்படிப்பட்ட மனுஷனுக்குப் போய் சோப்பு டப்பா.

அவளுக்கு வேண்டியது இப்போது ஒரு கயிறும் ஒரு முடிச்சும்தான். வயிற்றைத் திறந்து தைத்து மூடுகிறவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா?

முதலில் ஏதோ பரிசுப் பெட்டியில் கட்டி வந்த சிவப்புப் பட்டுக் கயிறு கிடைத்தது. பார்க்க அழகாக இருந்தது. பின்கழுத்தில் கையைக் கொண்டுபோய், ஷூ நாடாவைக் கட்டுகிற மாதிரி ஒரு பூ முடிச்சுப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள்.

அவளுக்கு உதவியாக இருப்பவர் ஒரு சிஸ்டர். வயதில் மூத்தவர், வாயில் அதைவிட மூத்தவர். அவர் கயிற்றைப் பார்த்தார், மோதிரத்தைப் பார்த்தார். "அழகா இருக்கு டாக்டர். பூனைங்களுக்கும் ரொம்பப் பிடிக்கும்."

சிஸ்டர் சொன்னால் பலிக்கும். ஒரு பூனைக்குட்டியைத் தோளில் சாய்த்துக் காது பார்த்துக்கொண்டிருந்தபோது, அது பின்னால் தொங்கிய பட்டு வாலைப் பிடித்து இழுத்தது. ஷூ நாடா எப்படி அவிழுமோ அப்படியே வழுக்கிக்கொண்டு அவிழ்ந்தது. மோதிரம் உருண்டு போய், அன்று காலைதான் குட்டி போட்ட ஒரு தாய்ப்பூனையின் கூண்டுக்குள் விழுந்தது. தாய்ப்பூனை அதையும் தன் பிள்ளைகளில் ஒன்றாகச் சேர்த்து, அணைத்துப் படுத்துக்கொண்டது.

மோதிரத்தை மீட்டபோது டாக்டரின் முழங்கை வரை கோடு கோடாகக் கீறல்.

"கையில என்ன?" என்றான் கணவன், இரவுச் சாப்பாட்டின்போது.

"பட்டு ஒத்துக்கலைங்க."

இன்ஜினியர் உடனே தாளும் பென்சிலும் எடுத்துவிட்டான். கொஞ்ச நாளாகக் காணாமல் போயிருந்த உற்சாகம் முகத்தில் எட்டிப் பார்த்தது. "பட்டு வழுக்கும். உராய்வே இல்ல. தோல் கயிறு வாங்கு. கயித்தை ரெண்டா மடி. மடிச்ச முனையை மோதிரத்துக்குள்ள விடு. மிச்ச ரெண்டு வாலையும் அந்த மடிப்புக்குள்ள இழுத்து இறுக்கு. மோதிரம் அசையாது. பின்னாடி இந்த முனையை அந்தக் கயித்து மேலயும், அந்த முனையை இந்தக் கயித்து மேலயும் முடிச்சுப் போடு. இழுத்தா பெருசாகும், எதிர்ப்பக்கம் இழுத்தா சின்னதாகும். இதுல ஒரு ஸ்கூட்டரையே தொங்கவிடலாம்."

"நான் ஸ்கூட்டரை மாட்டிக்கப் போறதில்லையே."

"பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குல்ல."

நீங்களும் இப்படித்தான் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, "கிட்டத்தட்ட" என்றான்.

தோல் கயிறு அவிழவில்லை. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நாய்களின் பார்வையில் தோல் என்பது நகை இல்லை, தின்பண்டம். மேஜை மேல் நிறுத்திய நாய் ஒவ்வொன்றும் டாக்டரின் கழுத்தை முகர்ந்து, நக்கி, கண்ணை மூடிக்கொண்டு மென்று பார்க்கத் தொடங்கியது. குண்டு நாய்க்குட்டி ஒன்று கயிற்றைக் கடித்துக்கொண்டு நாலு காலையும் காற்றில் விட்டுத் தொங்கியது. முடிச்சு இன்ஜினியர் சொன்ன மாதிரியே நின்றது. கழுத்துதான் நிற்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் கணக்கு சரிதான் டாக்டர்," என்றார் சிஸ்டர், குட்டியைப் பிய்த்தெடுத்தபடி. "ஆனா அவனுங்களுக்கு இன்னிக்கு நீங்க டாக்டர் இல்ல. நடமாடுற எலும்புத்துண்டு."

"வேற என்னதான் போடறது, சிஸ்டர்?"

"எலாஸ்டிக் போடுங்க. எவனாவது இழுத்தா நீளும், விட்டா தானா திரும்பி வந்துடும். கழுத்தும் பொழைக்கும்."

பக்கத்துத் தையல்கடையில் எலாஸ்டிக் கிடைத்தது. தையல்கார அம்மா மோதிரத்தைக் கோத்து, முனைகளைச் சேர்த்து மெஷினிலேயே ஓட்டிக் கொடுத்துவிட்டார். முடிச்சே இல்லை, அவிழ என்ன இருக்கிறது? டாக்டர் வெற்றியோடு திரும்பினாள்.

அடுத்ததாக வந்தவர் ஒரு முயல்காரர். வயதான முயல், அதைவிட வயதானவர் அவர். முயல் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றார். டாக்டர் குனிந்து, ஸ்டெதஸ்கோப்பை முயலின் மார்பில் வைத்தாள். முகம் மாறியது.

டிக். டிக். டங். டிக். டிக். டங்.

இப்படியொரு சத்தத்தை அவள் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. காதில் இருந்ததைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தாள். டங், டங்.

"என்னம்மா?" என்றார் முயல்காரர்.

"ஐயா, பதற்றப்படாதீங்க. இதயத்துல... கூடுதலா ஒரு சத்தம் கேக்குது. ஏதோ உலோகம் மாதிரி."

முயல்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உலோகமா? என் தங்கத்துக்கா?" நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

சிஸ்டர் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். டாக்டர் குனியும்போதெல்லாம் எலாஸ்டிக் நீண்டு, மோதிரம் இறங்கி வந்து, ஸ்டெதஸ்கோப்பின் முதுகில் தட்டிவிட்டு மேலே போய்க்கொண்டிருந்தது.

"ஐயா, நீங்க எழுந்திருங்க. முயல் நல்லா இருக்கு," என்றார் சிஸ்டர். "துடிக்கறது டாக்டரோட கல்யாண வாழ்க்கை."

முயல்காரர் போகும்போது, இந்த டாக்டரிடம் இனி வருவதா வேண்டாமா என்கிற யோசனையோடுதான் போனார். டாக்டர் எலாஸ்டிக்கைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். இப்படியே போனால் வெள்ளிக்கிழமைக்குள் மோதிரம் கழுத்தில் இருக்கும், கிளினிக் இருக்காது.

வெள்ளிக்கிழமை காலையில்தான் அவளுக்கு அந்த ஞானம் உதித்தது. ஊரெல்லாம் கயிறு தேடினோமே, நம் அலமாரியிலேயே இல்லையா? நைலான் தையல் நூல். தலைமுடி மாதிரி மெல்லியது, கண்ணுக்கே தெரியாது, வாசனை இல்லை, நீளாது, அறாது. முடிச்சுக்கும் வெளியே போக வேண்டாம். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சுற்றி இறுக்கும் அறுவை முடிச்சு அவள் தினமும் போடுவது. உள்ளே குடலையே பிடித்து வைத்திருப்பது. ஒரு மோதிரத்தைப் பிடிக்காதா?

"இது மட்டும் அவிழ்ந்துச்சுன்னா நான் டாக்டரே இல்ல, சிஸ்டர்."

"அவிழாது டாக்டர். அதான் எனக்குக் கவலையா இருக்கு."

சாயங்காலம் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. மோதிரம் நெஞ்சுக்குழியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கணவன் ஏழு மணிக்கு வந்து வெளியே சாப்பிடக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான். டாக்டர் இரண்டு தடவை கண்ணாடி பார்த்துக்கொண்டாள். 'பாருங்க, நானும் நெஞ்சோடதான் வச்சிருக்கேன்' என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போது அவன் முகம் எப்படி மலரும் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

மிச்சம் இரண்டே பேர்தான். அலகு வளர்ந்துபோன ஒரு கிளி. தடுப்பூசிக்கு வந்த ஒரு நாய்.

நாயின் பெயர் பீரங்கி. வெள்ளை நிறம், உருண்ட உடம்பு, எப்போதும் திறந்தே இருக்கும் வாய். அவர்கள் தெருவின் கடைசி வீட்டில் இருக்கும் அக்காவினுடையது. தெருக்கோடி அக்கா என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அக்காவும் பீரங்கியும் அறை வாசலிலேயே உட்கார்ந்து, கிளிக்கு வைத்தியம் நடப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிளிக்காரர் இறக்கிவிட்ட கிளி மேஜைமேல் அடக்கமாக நின்றது. டாக்டர் அலகைப் பார்க்கக் குனிந்தாள். கிளி ஒரு கண்ணைச் சாய்த்து அவள் நெஞ்சைப் பார்த்தது. ஒரே கொத்து. மோதிரம் அலகுக்குள்.

"விடும்மா... செல்லம், விடு..."

கிளி விடவில்லை. பின்னால் நடந்தது. நைலான் நீளவில்லை, அறவில்லை, அறுவை முடிச்சு இம்மியும் அசையவில்லை. டாக்டரின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வேறு நிறத்துக்குப் போகத் தொடங்கியது. பயந்துபோன கிளி சிறகை அடித்துக்கொண்டு கிளம்ப, டாக்டரும் அதன் பின்னாலேயே அறையைச் சுற்றி வந்தாள்.

சிஸ்டர் கத்திரிக்கோலோடு ஓடி வந்தார். "எது வேணும் டாக்டர், மோதிரமா, கழுத்தா? சீக்கிரம் சொல்லுங்க!"

சொல்லக் குரல் வந்தால்தானே? சிஸ்டர் தானே முடிவெடுத்தார். நறுக்.

நூல் அறுந்த வேகத்தில் கிளி தலையை ஒரு உதறு உதறியது. மோதிரம் பறந்தது. எங்கே பறந்தது என்று யாரும் பார்க்கவில்லை. கீழே விழுந்த சத்தமும் கேட்கவில்லை. கேட்டது ஒரே ஒரு சத்தம்தான்.

லபக்.

எல்லாரும் திரும்பினார்கள். பீரங்கி வாயை மூடிக்கொண்டிருந்தது. அது வாயை மூடி யாரும் பார்த்ததே இல்லை. பிறகு நாக்கை வெளியே விட்டு, மூக்கைச் சுற்றி ஒரு துடை துடைத்துக்கொண்டு வாலை ஆட்டியது.

"டேய் பீரங்கி!" அக்கா எழுந்தே விட்டார். "என்னடா முழுங்கின? வாயைத் தொற! டாக்டர், இவன் இப்படித்தான். எது கிடைச்சாலும் உள்ள தள்ளிடுவான். ருசி பாக்கற வேலையே கிடையாது."

தரையைப் பெருக்கிப் பார்த்தார்கள். மேஜைக்கு அடியில், கூண்டுகளுக்கு நடுவில், குப்பைத் தொட்டியில், எங்கும் இல்லை. கிளிக்காரரை அப்புறம் வரச் சொல்லி அனுப்பினார்கள். பீரங்கியை எக்ஸ்ரே மேஜையில் படுக்கவைத்தார்கள்.

படம் வந்தது. சாம்பல் நிற வயிற்றுக்குள், சின்ன நிலா மாதிரி வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம்.

"ஐயோ," என்றாள் டாக்டர்.

"அப்பாடா," என்றார் சிஸ்டர். "இருக்கற இடம் தெரிஞ்சுடுச்சே."

வாந்தி எடுக்க ஊசி போட்டாயிற்று. இனி காத்திருக்க வேண்டியதுதான். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். கணவன் வந்துவிடுவான். ஊசி வேலை செய்யாவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும். கல்யாண நாளும் அதுவுமாக, கல்யாண மோதிரம் நாய் வயிற்றில். சோப்பு டப்பா எவ்வளவு மரியாதையான இடம் என்று இப்போதுதான் புரிந்தது.

மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். பிறகு, நெஞ்சோட இருக்கறதை வெளிய காட்டக் கூடாது என்று சொன்னவனிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. போனை எடுத்தாள்.

"என்னங்க... கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்."

"சொல்லு."

"மோதிரத்தை ஒரு நாய் முழுங்கிடுச்சு."

மறுமுனையில் லாரி ஒன்று போகிற ஓசை மட்டும் கேட்டது. பிறகு, நடுங்குகிற ஒரு குரல். "உனக்கு... எப்படித் தெரியும்?"

"எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேங்க. வயித்துல தெளிவாத் தெரியுது."

"எந்த நாய்?"

"நம்ம தெருக்கோடி அக்காவோட நாய். வெள்ளையா, குண்டா..."

"நான் உடனே வரேன்." போன் வைக்கப்பட்டுவிட்டது.

டாக்டர் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "திட்டக்கூட இல்ல, சிஸ்டர். குரல் நடுங்குச்சு. அவ்வளவு கோவம்."

"வருத்தமா இருக்கும் டாக்டர்."

"வருத்தம்னா இன்னும் மோசம்."

பீரங்கிக்கு அப்போதுதான் வயிறு புரட்டியது. மூன்று பெண்களும் பிரசவம் பார்க்கிற மாதிரி சுற்றி நின்றார்கள். "வாடா கண்ணா, வாடா ராசா" என்று அக்கா முதுகைத் தடவினார். முதலில் பாதி சாக்ஸ் வந்தது. அப்புறம் ஒரு பொத்தான், பிஸ்கட் உறையின் ஒரு துண்டு, ஏதோ ஒரு பிளாஸ்டிக் மூடி. கடைசியாக, தட்டில் 'டிங்' என்று ஒரு சத்தம்.

சிஸ்டர் கழுவிக் கழுவி, மருந்துத் தண்ணீரில் முக்கி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தார். உள்பக்கம் கல்யாணத் தேதி பளிச்சென்று இருந்தது. டாக்டர் அதை வாங்கி முத்தமிடப் போனாள். எங்கேயிருந்து வந்தது என்று நினைவு வரவே, கண்ணில் மட்டும் ஒற்றிக்கொள்கிற மாதிரி பாவனை செய்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று கட்டுத்துணி நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாருங்க, இதுதான் சரியான கயிறு," என்றார் சிஸ்டர். "காயத்துக்குக் கட்டுறது."

வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டது. கணவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தான். அவளைப் பார்க்கவில்லை. பீரங்கியைப் பார்த்தான்.

"வெளிய வந்துடுச்சா?"

"வந்துடுச்சுங்க."

பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஹெல்மெட்டுக்குள் கண் ஈரமாகியிருந்தது. "அப்பாடா," என்றான். நெஞ்சிலிருந்து ஏதோ பெரிய பாரம் இறங்கிய பெருமூச்சு அது.

ஒரு மோதிரத்துக்காக இவ்வளவு தவிப்பா என்று டாக்டர் உருகிப்போனாள். சிஸ்டரும் அக்காவும் இருக்கிறார்கள் என்பதைக்கூட மறந்துவிட்டாள்.

"என்னை மன்னிச்சிடுங்க. எல்லாம் என் தப்பு. விரல்ல இருக்க வேண்டியதைச் சோப்பு டப்பாவுல போட்டேன். நீங்க இத்தனை நாளா மனசுக்குள்ளயே வச்சுப் புழுங்கினீங்க. எனக்குத் தெரியாம இல்ல."

"நீ எதுக்கும்மா மன்னிப்பு..." அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "நான்தான் உன்கிட்ட ஒண்ணு..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சொல்லாமலே எனக்குப் புரியுது. கட்டினவர் விரல் வெறும் விரலா இருக்கறதைக்கூடக் கவனிக்காதவ நான். உங்களை மாதிரி பொறுப்பா இருக்க எனக்கு வரலை."

"இல்லம்மா, அதைத்தான் நான்..."

"பேசாதீங்க. இன்னிக்கு நான்தான் பேசுவேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு நிமிஷம் இருங்க. இந்தக் கோட்டைக் கழட்டிட்டு வரேன், கிளம்பலாம். நாய் வாசனையோட உங்க பக்கத்துல உக்கார மாட்டேன்."

கோட்டின் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தாள். அந்த மடிப்பைப் பிரித்து உதறினாள்.

ஏதோ விழுந்தது. தரையில் உருண்டு, பெஞ்சுக்கு அடியில் புகுந்து, ஒரு வட்டம் அடித்து, தெருக்கோடி அக்காவின் செருப்பில் மோதி நின்றது. அக்கா குனிந்து எடுத்தார். அதில் ஒரு முழம் நைலான் நூல், அவிழாத அறுவை முடிச்சோடு, இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டர், இன்னொரு மோதிரம்," என்றார் அக்கா.

டாக்டர் அதை வாங்கினாள். உள்ளே கல்யாணத் தேதி. கழுத்தில் தொங்கியதைப் பிடித்துப் பார்த்தாள். அதிலும் அதே தேதி. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். நைலான் நூலில் இருந்தது சிறியது. நாய் வயிற்றிலிருந்து வந்தது பெரியது.

"சிஸ்டர்... இது ரெண்டும்..."

சிஸ்டர் வாழ்க்கையில் முதல்தடவையாக எதுவும் சொல்லவில்லை.

அதற்குள் பீரங்கி தெம்பு வந்து எழுந்துவிட்டது. நேராகக் கணவனிடம் போய், முன்னங்கால்கள் இரண்டையும் அவன் மடியில் வைத்து, நெடுநாள் சிநேகிதனைப் பார்த்த மாதிரி முகமெல்லாம் நக்கியது.

டாக்டர் மெதுவாகத் திரும்பினாள். "ஏங்க... இவனை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

இன்ஜினியர் கூரையைப் பார்த்தான். உத்தரம் எவ்வளவு பாரம் தாங்கும், இப்போதே இடிந்து விழ ஏதாவது வாய்ப்பு உண்டா என்று கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது.

"அட, நல்லாத் தெரியுமே!" என்றார் தெருக்கோடி அக்கா, முகம் மலர. "ஏன் சார், தினமும் காலையில டாக்டர் கிளம்பினதும் குச்சியும் கையுமா வந்து, இவன் வெளிய போற இடமெல்லாம் கிளறிக் கிளறிப் பார்ப்பீங்களே, அது டாக்டரோட ஆராய்ச்சிக்குன்னுதானே சொன்னீங்க?"